யார் வீட்டுப் பூஞ்சணம்

என் மகளின் காதுகுத்துக்கு அழைக்கப் போன இடத்தில், கையை நீட்டச் சொல்லி மோந்து பார்த்த மனுஷி இந்த உலகத்திலேயே பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருத்தர்தான். குங்குமச் சிமிழும் வெற்றிலைத் தட்டுமாக நான் வாசலில் நிற்கிறேன். அவர் மூங்கில் படலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“கையக் காட்டு” என்றார்.

புது வளையலைப் பார்க்கத்தான் கேட்கிறார் என்று நானும் வெள்ளந்தியாக நீட்டினேன். உள்ளங்கையைப் பிடித்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் நன்றாக இழுத்து மோந்தார்.

“பவுடர் போட்டிருக்க.”

“ஆமாக்கா. நல்ல காரியத்துக்குக் கூப்பிட வர்றோம்ல.”

“கொசுவத்தி வாடையும் அடிக்குது.”

“நேத்து வீட்டுல கொளுத்துனோம்க்கா.”

“அங்கனயே நில்லு. உள்ள வந்துராத.”

படலுக்கு மேலே கையை நீட்டி ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். தேதியைக் கேட்டுக்கொண்டார். படலைச் சாத்திவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டில் வந்து குதித்தேன். என் வீட்டுக்காரர் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தவர், தலையை நீட்டி, “மோந்துதான பாத்தாக? நக்கிப் பாக்கலேல்ல, விடு” என்றார். அவருக்கு எல்லாமே சிரிப்புத்தான்.

அக்கா பட்டுப்புழு வளர்த்தார். தாண்டிக்குடிக்குக் கீழே எங்கள் பக்கமெல்லாம் காப்பி, மிளகு, மலைவாழை, கொஞ்சம் ஆரஞ்சு, அவ்வளவுதான். பட்டுப்புழுவை நாங்கள் யாரும் கண்ணால் கண்டதுகூட இல்லை. அவர் பழனிக்குப் பக்கத்தில் கீழ்நாட்டிலிருந்து வாக்கப்பட்டு மலைக்கு வந்தவர். புருஷன் போன பிறகு வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் மல்பெரியை நட்டு, தகரக் கூரை போட்டு, சன்னலுக்கெல்லாம் வலையடித்து ஒரு ஷெட்டைக் கட்டிவிட்டார். மகன் திருப்பூரில் வேலை பார்த்தான். மருமகள் செல்வி மட்டும் அக்காவுடன் இருந்தாள். “மலையில குளிருக்குப் புழு விறைச்சுச் செத்துரும்” என்று ஊரே சொன்னது. சாகவில்லை. நன்றாகவே கூடு கட்டியது. பொறாமையில் வயிறு எரிந்தவர்கள் உண்டு, நான் உட்பட.

பட்டுப்புழுவுக்கு வாடை ஆகாது, புகை ஆகாது, தூசி ஆகாது. அதற்கு மூக்கு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஆனால் அக்காவின் மூக்கு எங்கெல்லாம் இருந்தது என்று தெரியும். எல்லா இடத்திலும் இருந்தது. ஷெட் வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஒரு சாக்கு நனைந்து கிடக்கும். அதில் காலை மிதித்து, கையைக் கழுவிய பிறகுதான் யாரும் உள்ளே போகலாம். அப்படியும் வெளியாட்களை விடமாட்டார். புழுத்தட்டு அடுக்கிய தாங்கிகளின் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம், எறும்பு ஏறிவிடுமாம். கூரையில் ஓடும் பல்லியைக்கூட நின்று முறைப்பார்.

செல்வி தண்ணீர்க் குழாய்க்குப் போய் வந்தாலும் கடைக்குப் போய் வந்தாலும் சேலையை மாற்றாமல் ஷெட்டுப் படியில் கால் வைக்கக் கூடாது. “எத்தனை சேலைக்கா மாத்துறது? தொவைச்சே கையி தேஞ்சுபோச்சு” என்று குழாயடியில் என்னிடம் புலம்புவாள். நாங்கள் பேசிக்கொண்டிருப்பதை எங்கிருந்தோ அக்கா பார்த்துவிடுவார். அன்றைக்குச் செல்விக்கு இரண்டு தடவை கை கழுவல்.

“நம்பினோர் கெடுவதில்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. சொன்னவக புழு வளத்தாகளா?” என்று கேட்பார். பழனிக்குப் போய் வந்தவர் யாரோ விபூதி கொடுத்தால், கண்ணில் ஒற்றிக்கொண்டு பூசிக்கொள்வார். பொட்டலத்தை மட்டும் ஷெட்டுக்குள் கொண்டுபோக மாட்டார். “சாமி மேல எனக்கென்ன சந்தேகம்? கொண்டாந்தவன் மேலதான்” என்பார். கொண்டுவந்தவர் எதிரிலேயே நிற்பார். அதைப் பற்றிக் கவலைப்படுகிற ஆள் இல்லை அவர்.

இப்படிப்பட்ட மனுஷியை ஊர் ஏன் பொறுத்துக்கொண்டது என்றால், அதற்கும் காரணம் இருந்தது. ஒருமுறை வத்தலக்குண்டிலிருந்து ஜீப்பில் ஏறி வந்துகொண்டிருந்தோம். என் வீட்டுக்காரருடைய ஜீப் அல்ல, வேறொருவருடையது. அக்கா மடியில் இளம்புழுப் பெட்டி. கீழேயிருந்து வாங்கி வருகிறார். மலைப்பாதை முழுக்க அந்தப் பெட்டியைப் பிள்ளைபோலப் பிடித்துக்கொண்டு, டிரைவர் பீடியை எடுக்கும்போதெல்லாம் “வாயில வச்ச, எறங்கிருவேன்” என்று மிரட்டிக்கொண்டிருந்தார். பாதி வழியில் திடீரென்று, “நிறுத்து. ஏதோ கருகுது” என்றார்.

டிரைவர் சிரித்தான். “ஒங்க மூக்குதாங்க கருகுது.”

“ஏலே, நிறுத்துன்னு சொன்னேன்ல!”

நிறுத்தமாட்டான் என்று தெரிந்ததும் கத்த ஆரம்பித்தார். சத்தம் தாங்காமல் ஓரங்கட்டினான். இறங்கிப் பார்த்தால் பிரேக் கருகிப் பின்சக்கரத்திலிருந்து புகை. மேட்டைத் தாண்டி எங்கள் ஊருக்கு இறங்குகிற வளைவுகள் அப்படியே பாக்கி இருந்தன. என் மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். “வெரசாப் பிடியை விடு, பெட்டி ஆடுது” என்றார். அவ்வளவுதான் அவருடைய ஆறுதல். ஆனாலும் அந்தக் கையை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவர் எதையாவது மோந்துவிட்டு முகத்தைச் சுளித்தால், ஊரில் சிரிக்கிறவர்கள்கூட ஒரு நிமிஷம் யோசிப்பார்கள்.

இனி என் பங்குக்கு வருகிறேன்.

எங்கள் காப்பிக்குத் துளைப்பான் வந்துவிட்டது. கடுகைவிடச் சின்னக் கறுப்பு வண்டு. காயின் தொப்புளில் ஓட்டை போட்டு உள்ளே போய் விதைக்குள் குடும்பம் நடத்தும். வெளியே பார்த்தால் பழம் பழமாகத்தான் இருக்கும். தோலை உரித்துப் பருப்பைப் பார்த்தால் பொடிப்பொடியாக ஓட்டை. அந்த வருஷம் எங்கள் காப்பியை வாங்க வந்தவர் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, திரும்பக் கொட்டிவிட்டுப் போனார். விஷ மருந்து அடிக்க எனக்கு மனசு வரவில்லை. அடித்தாலும் காய்க்குள் உட்கார்ந்திருக்கிற வண்டுக்கு அது எட்டாது. அப்போதுதான் வேளாண்மை ஆபீசர் ஒருவர் பவேரியா என்று ஒரு பூஞ்சணத்தைச் சொன்னார். வெள்ளைப் பொடி. தண்ணீரில் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு, ஈரக்காற்று இருக்கிற நேரமாகப் பார்த்து அடிக்க வேண்டும். பூஞ்சணம் வண்டின் மேல் ஒட்டும், தோலைத் துளைத்து உள்ளே போகும், வண்டையே தின்று வளரும். கடைசியில் செத்த வண்டின் உடம்பு முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும்.

மனுஷருக்கு ஒன்றும் செய்யாது என்றார் அவர். எனக்கும் முதலில் நம்பிக்கை இல்லைதான். அடித்துவிட்டுச் சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். காய்களின் தொப்புளில், ஓட்டை இருக்கிற இடத்தில் எல்லாம், சிட்டிகைப் பஞ்சு வைத்த மாதிரி வெள்ளை. நகத்தால் நோண்டினால் உள்ளே வண்டு செத்துக் கிடக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குழாயடியில் செல்வியிடம் சொன்னேன். அதுதான் வினை.

மறுநாள் வெள்ளனே அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. தலையைக்கூட முடியாமல் வந்திருந்தார்.

“ஏத்தா, நீ அடிக்கிற பொடியில செத்த பூச்சி வெள்ளையாப் பூக்குதாமே?”

“ஆமாக்கா. நல்லாக் கேக்குது.”

“விறைச்சுப் போகுதா?”

“போகுதுக்கா.”

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “எங்கூர்ல அதுக்குச் சுண்ணாம்புக்கட்டி நோயின்னு பேரு” என்றார். “ஒரு அடைமழையில வந்துச்சு. தெருவே அழுதுச்சு. எலை தின்னுக்கிட்டு இருந்த புழு அப்படியே நின்னு, விறைச்சு, சாக்பீஸ் கணக்கா வெள்ளையாக் கெடந்துச்சு. எங்கம்மா கூடை கூடையா அள்ளிக் கொண்டுபோய்க் கொளுத்துச்சு. நீ அதைக் காசு குடுத்து வாங்கியாந்து காத்துல விடுறியா?”

எனக்குத் திக்கென்றது. ஆனால் எதிரில் நின்று கேட்கிற தோரணை இருக்கிறதே, அது எனக்கு ஆகவில்லை.

“என் காப்பியை யாரு காப்பாத்துவா? நீங்களா?”

“ஒங் காப்பி செத்தா அடுத்த வருசம் காய்க்கும். எம் புழு?”

“ஒங்க புழு செத்தா அடுத்த மாசம் புதுப் புழு வரும்.”

சொல்லியிருக்கக் கூடாதுதான். சொல்லிவிட்டேன். பிறகு ஊரைக் கூட்டினார்கள். ஆபீசரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவரும், ஆமாம், இது பட்டுப்புழுவுக்கு ஆகாது, பக்கத்தில் அடிக்கக் கூடாது என்றார். கடைசியில் ஊர்த்தலைவர் ஒரு வழி சொன்னார். அக்காவின் மல்பெரிக்கு ஒட்டினாற்போல் இருக்கிற என் மேல்தோட்டத்தில் பொடி அடிக்கவே கூடாது. ஓடைக்கு அந்தப் பக்கம், சோலைக்காட்டுக்குக் கீழே இருக்கிற என் கீழ்த்தோட்டத்தில் மட்டும், காற்று கீழ்நோக்கி வீசுகிறபோது அடித்துக்கொள்ளலாம். என் வீட்டு ஆட்கள் யாரும் ஷெட் பக்கம் போகக் கூடாது. சரி என்று நான் ஒப்புக்கொண்டேன். மேல்தோட்டத்துக் காய்களை வண்டுக்கே தாரை வார்த்தேன்.

அக்கா ஒப்புக்கொண்டார், ஆனால் நம்பவில்லை. நான் மருந்தடிக்கிற டேங்க்கைத் தோளில் மாட்டினால் போதும், அவர் வீட்டுக் கல்சுவரில் வந்து உட்கார்ந்துவிடுவார். விபூதியைச் சிட்டிகை எடுத்து விரலால் தூவி, காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று பார்ப்பார். “இன்னைக்கு அடிக்காத” என்று அங்கிருந்தே கத்துவார். நான் இறக்கி வைப்பேன். நிறைய நாள் அப்படி இறக்கி வைத்திருக்கிறேன். ஊரில் யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. “அவ ராத்திரியில மேல்தோட்டத்துல அடிக்கிறா. எனக்குத் தெரியும்” என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சந்தேகம் தொத்து வியாதி. எனக்கும் பிடித்துக்கொண்டது.

என் கீழ்த்தோட்டத்தில் ஓடையோரச் செடிகளில் காய்கள் குறைய ஆரம்பித்தன. நிறைய இல்லை. ஒரு கிளையில் ஒன்று, இன்னொரு கிளையில் ஒன்று. பழுத்தது அப்படியே இருக்கிறது, நடுவில் ஒரு பச்சைக்காய் மட்டும் காணோம். செருப்புத் தடம் ஈரமண்ணில் தெளிவாகக் கிடக்கிறது. வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

“மரநாய் திங்கும்” என்றார்.

“மரநாய் செருப்புப் போடுமா?”

“பழனிக்கு நேந்துகிட்ட மரநாயா இருந்தா வெறுங்காலோட வந்திருக்கும். இது வேற சாதி போல.”

அவரிடம் போய்க் கேட்டேன் பாருங்கள். எனக்கு யார் மேல் சந்தேகம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓடையைத் தாண்டி வரக்கூடிய ஆள் அந்தப் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? வருகிறவர் காய் பறிப்பதோடு விடுவாரா? சுண்ணாம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து என் செடிகளில் ஊற்றி, பூஞ்சணத்தைச் சாகடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுண்ணாம்பின் தடமே இல்லை. அதனால் சந்தேகம் குறைந்ததா என்றால், கூடியது. அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். குழாயடியில் செல்வியை மடக்கிக் கேட்டேன்.

“ஒங்க அத்தை எங்கயும் வெளிய போறாகளா?”

“எங்கக்கா போறாக? ஷெட்டே கதின்னு கெடக்காக. புழு கடைசிப் பருவத்துக்கு வந்துருச்சுல்ல. நான் ஒரு பக்கம் எலை போடுறேன், அவுக ஒரு பக்கம். எம் பக்கத்தையும் வந்து வந்து பாத்துக்கிட்டே இருக்காக.”

அவளும் அத்தைக்குப் பரிந்து பொய் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரம். மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது; துணி காயவில்லை, விறகு எரியவில்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு காலையில் அக்காவின் குரல் கேட்டது. அழுகை என்று முதலில் தெரியவில்லை. யாரையோ ஏசுகிற மாதிரித்தான் இருந்தது. செல்வி எங்கள் வீட்டைத் தாண்டி ஓடினாள். நின்று சொல்லக்கூட இல்லை.

“புழு வெள்ளையாப் பூத்துருச்சுக்கா” என்று ஓடிக்கொண்டே சொன்னாள்.

நான் எல்லை தாண்டவில்லை என்று எனக்குத் தெரியும். காற்று தாண்டியிருக்குமோ? டேங்க் கழுவிய தண்ணீர் ஓடையில் போயிருக்குமோ? ஓடை கீழேதானே போகிறது, மேலே எப்படி ஏறும்? மனசு எங்கெங்கோ போய் முட்டியது. வீட்டுக்காரர் அன்று சிரிக்கவில்லை.

கோயில் முன்னால் தகரப்பந்தலில் ஊர் கூடியது. மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். அக்கா நடுவில். முகம் வீங்கிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் விரலை நீட்டினார்.

“இவதான். எம் புழுவக் கொன்னவ இவதான். ஒங்க எல்லாத்துக்கும் முன்னாடிதான வாக்குக் குடுத்தா?”

“நான் தாண்டலக்கா. மாரியம்மா மேல சத்தியமா மேல்தோட்டத்துல ஒரு சொட்டு அடிக்கல.”

“அப்பறம் எப்படி வந்துச்சு? பறந்து வந்துச்சா? இல்ல இவளா கொண்டாந்தா?” என்று செல்வி பக்கம் திரும்பினார். “கொழாயடியில நின்னு அவகூடப் பேசிப்பேசிக் கொண்டாந்தியாடி? சொல்லு! இவ பொடியத் தொட்டா, நீ இவளத் தொட்டுட்டு வந்து எலையத் தொட்டுட்டே. இனி நீ என் வீட்டுல இருக்கவேணாம். எம் மகனுக்குப் போன் போடு. வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும்.”

செல்வி அழவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். “அத்தே, எம் பக்கத்துப் புழு நல்லாத்தான இருக்கு” என்றாள், மெதுவாக.

“நாளைக்குப் பூக்கும், பாரு.”

ஊர்த்தலைவர் கையை உயர்த்தினார். “ஆத்தா, அடிச்சதுக்கு என்ன சாட்சி இருக்கு? சும்மா ஒருத்தியச் சொல்லப்படாது.”

“சாட்சியா?” அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. “நீங்க யாரும் என்னைய நம்பமாட்டீகன்னு எனக்குத் தெரியாதா? இவ அடிக்கிற பொடி எப்படி வேலை செய்யுதுன்னு நாலு பேரு கண்ணால பாக்கணும்னுதான் எடுத்து வச்சிருக்கேன்.”

சேலையின் முந்தியை இடுப்பிலிருந்து உருவினார். கெட்டியாக ஒரு முடிச்சு. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார். உள்ளேயிருந்து என் தோட்டத்துக் காப்பிக்காய்கள். ஒவ்வொன்றின் தொப்புளிலும் வெள்ளைப் பூ. சில காய்கள் முழுக்கவே வெள்ளை. முடிச்சின் ஈரத்துக்குள் இருந்தே அது நன்றாக வளர்ந்திருந்தது. உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் சுற்றிக் காட்டினார். கிட்ட நின்றவர்கள் பின்னுக்குப் போனார்கள்.

என் காய்களைத் திருடியது யார் என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. “பாத்தீகளா! என் தோட்டத்துக்குள்ள இவுகதான்...” என்று வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் செல்வி பேசினாள்.

“அத்தே, இத எப்ப எடுத்தீக?”

“ஏன்? போன வாரத்துலருந்து நித்தம் ஒண்ணு ரெண்டுன்னு எடுத்தேன். நீ தூங்கி எந்திரிக்கிறதுக்கு முந்தி போயிட்டு வந்துருவேன். ஒனக்குத் தெரிஞ்சா இவகிட்டப் போய்ச் சொல்லிருவேல்ல?”

“எங்க வச்சிருந்தீக?”

“இங்கதான். முந்தியில. எங்க வச்சாலும் யாராவது எடுத்துருவீகளே.”

“அப்ப சேலை மாத்தல.”

“மாத்துனா நீ கேப்ப, எங்க போனீகன்னு. கையி காலெல்லாம் கழுவிட்டுத்தான்டி...” என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார்.

அக்கா தன் கையிலிருந்த காய்களைப் பார்த்தார். பிறகு முந்தியைப் பார்த்தார். தட்டுக்குத் தட்டு குனிந்து இலை போடும்போது இடுப்பிலிருந்து நழுவித் தொங்கி, புழுவின் மேலெல்லாம் புரண்டு வந்த முந்தி. கையை விரித்துவிட்டார். காய்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து ஈரத்தரையில் உருண்டன. ஒரு காய் என் காலடியில் வந்து நின்றது.

நான் ஜெயித்துவிட்டேன். ஊர் முன்னால், சத்தியம் பொய்யாகாமல், களவையும் கண்டுபிடித்து ஜெயித்துவிட்டேன். ஐயோ, அந்த ஜெயிப்பு எனக்கு வேண்டவே வேண்டாம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குக் களவு, வாக்கு எல்லாம் மறந்துபோயிற்று. யாராவது ஏதாவது சொல்லி, இது அவரால் இல்லை, காற்றால் என்று சொல்லிவிடமாட்டார்களா என்று இருந்தது. நானே சொன்னேன். “காத்துலயும் போயிருக்கும்க்கா. மழையில எதுன்னு யாரு கண்டா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “பொய் சொல்லாத” என்றார். “அப்படின்னா எம் பக்கம் மட்டும் ஏன்?”

தரையில் கிடந்த காய்களை என் வீட்டுக்காரர் ஒரு காகிதத்தில் கூட்டி அள்ளிக் கொளுத்தக் கொண்டுபோனார். கூட்டம் கலைந்தது. செல்வி வீட்டுக்கு ஓடி, குளித்து, வேறு சேலை உடுத்திக்கொண்டு, அக்காவின் பக்கத்துத் தட்டுகளை எல்லாம் ஒருத்தியாகவே வெளியே எடுத்துவிட்டு, மறுபடியும் குளித்துச் சேலை மாற்றினாள். விறைத்த புழுக்கள் ஒன்றின்மேல் ஒன்று குச்சி குச்சியாகக் கிடந்தன. தூரத்திலேயே நின்று சாக்கில் வாங்கி, குழி வெட்டிக் கொளுத்த ஆட்கள் வந்தார்கள். மிச்சம் இருந்தது செல்வியின் பக்கம் மட்டும்தான். இன்னும் கொஞ்ச நாளில் கூடு கட்ட வேண்டிய புழு. அது பிழைத்தால் அந்த வீடு பிழைக்கும். இல்லையென்றால் அக்கா ஷெட்டைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கீழே இறங்க வேண்டியதுதான்.

சாயங்காலம் எனக்கு மனசு கேட்கவில்லை. போனேன். அக்கா ஷெட்டுக்கு வெளியே, தூவானம் படுகிற தூரத்தில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். குளித்து வேறு சேலை கட்டியிருந்தார். அப்படியும் வாசல் பக்கம் போகவில்லை. கைகளை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏத்தா” என்றார் என்னைப் பார்த்ததும். “நீ உள்ள போய்ப் பாத்துட்டு வாரியா? எலை திங்குதான்னு மட்டும் பாரு.”

தன் ஷெட்டுக்குள் போகச் சொல்லி அவர் கேட்ட முதல் வெளியாள் நான்தான்.

“நானும் போகப்படாதுக்கா. காலையிலதான் கீழ்த்தோட்டத்துல நின்னுட்டு வந்தேன். என் தலைமுடியில, நகத்துல எங்கயாச்சும் அது கெடக்கும்.”

“ஆமா” என்றார். “நீயும் வேணாம்.”

இரண்டு பேரும் வெளியிலேயே நின்றோம். கடைசிப் பருவத்துப் புழு இலை தின்றால் சத்தம் கேட்கும், தூறல் விழுகிற சத்தம். அன்று பார்த்து மழையும் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. தகரத்தில் விழுகிற சத்தமா, உள்ளே தின்கிற சத்தமா என்று எங்களுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் கேட்டேன். உள்ளே செல்வி இலைக்கட்டை அவிழ்ப்பது மட்டும் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

“அத்தே! திங்குது அத்தே!”

அக்கா வாயைத் திறந்தார். கேட்க வந்த கேள்வி அவர் முகத்தில் எனக்கு அப்படியே தெரிந்தது. ஆனால் கேட்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மல்பெரிச் செடிகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்னால்தான் பொறுக்க முடியவில்லை. வலைச்சன்னலைப் பார்த்து நான் கத்தினேன்.

“எல்லாத் தட்டையும் நல்லாப் பாத்தியா செல்வி?”